பிரெஞ்சு வெர்மெய் டெசர்ட் செட்: வாங்கலாமா, என்னென்ன பாக்கணும்?

சிந்துபூந்துறை:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பாண்டிச்சேரியில பழம்பொருள் வியாபாரி ஒருத்தர் ஒரு பெட்டி விலைக்கு வச்சிருக்காவ. பிரெஞ்சு வெர்மெய், வெள்ளி மேல தங்க முலாம் பூசினது. 12 டெசர்ட் கரண்டி, 12 முள்கரண்டி, 24 கத்தி. தோல் போத்தின மரப்பெட்டி, உள்ள பச்சை வெல்வெட்டு. கத்திக்குக் கைப்பிடி வெள்ளையா மினுங்குது. கத்தியில பாதிக்கு அலகு தங்க நிறம், மீதிக்கு இரும்பு மாதிரி இருக்கு. இரும்பு மாதிரி இருக்கதுல முத்திரை ஒண்ணையும் காணல.

கரண்டித் தண்டுல ரெண்டு முத்திரை இருக்கு. ஒண்ணு தலைக்கவசம் போட்ட பொம்பளைத் தலை. இன்னொண்ணு சாய்சதுரக் கட்டத்துக்குள்ள ரெண்டு எழுத்தும் நடுவுல ஏதோ சின்ன உருவமும். மூணு கரண்டிக்கு அடிப்புறம் முலாம் போயி வெள்ளி வெளுத்துத் தெரியுது.

வியாபாரி "200 வருசப் பழசு, கவர்னர் மாளிகைச் சாமான்"ங்காவ. தேஞ்ச மூணையும் திருநெல்வேலி டவுன்ல குடுத்து முலாம் போட்டா புதுசு மாதிரி ஆயிரும்னும் சொல்லுதாவ. நான் கேக்கது இதுதான்: முத்திரையை எப்படி நம்ப? உருக்காம, உரசாம வெள்ளியான்னு வீட்டுலயே பாக்க வழி இருக்கா? முலாம் போடலாமா? வாங்கினா நம்ம ஊர் வெக்கையில, மழையில எப்படி வச்சுக்கிட? வார்ற வாரம் போய்ப் பாக்கப் போறேன்.

பொதிகைச்சாரல்:

முதலில் அந்த 200 வருடக் கணக்கைத் தள்ளி வையுங்கள். தலைக்கவசம் போட்ட அந்தத் தலை மினர்வா தேவி. பிரான்சில் இந்த முத்திரை நடைமுறைக்கு வந்ததே 1838-இல்தான். அதற்கு முன் 1819 முதல் கிழவர் தலை. அதற்கும் முன் 1798 முதல் சேவல். நெப்போலியன் முடிசூடியபோது, 1804-இல், பாரிஸ் நகரம் அவருக்குக் கொடுத்த பெரிய வெர்மெய் தொகுதியை ஆன்ரி ஓகுஸ்த் செய்தார். அந்தக் காலத்துச் சாமான் என்றால் சேவலைத்தான் எதிர்பார்க்க வேண்டும். மினர்வாவை மட்டும் காட்டி 1838-க்கு முந்தியது என்று சொல்ல வழியில்லை. இன்னொன்று, மினர்வா இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிற முத்திரை. ஆகவே அது இருப்பதாலேயே பழசு என்றும் ஆகாது. காலத்தைக் குறுக்கித் தருவது சாய்சதுரம்தான்.

சாய்சதுரம் செய்தவரின் முத்திரை. 1797 நவம்பரில் வந்த சட்டத்திலிருந்து இந்த வடிவம். உள்ளே பட்டறைக்காரரின் முதலெழுத்துகளும் அவருக்கே உரிய ஓர் அடையாளமும் இருக்கும். எமில் புய்ஃபோர்கா என்றால் அவர் எழுத்துகளோடு ஒரு சின்னப் பேனாக்கத்தி. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் அந்த நடு உருவத்தைப் படம் எடுத்து வாருங்கள். எழுத்து மட்டும் போதாது, ஒரே எழுத்துகளோடு பலர் இருந்திருக்கிறார்கள். உருவம் தெரிந்தால் ஆளையும், அவர் பட்டறை நடத்திய ஆண்டுகளையும் பிடித்துவிடலாம். இந்தக் கட்டம் சாய்சதுரமாக இல்லாமல் நேர்ச்சதுரமாக இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது வெள்ளி முலாம் பூசிய வேறு உலோகம். அப்படிப்பட்ட சாமானில் 84 என்ற எண் இருக்கலாம். பன்னிரண்டு ஜோடிச் சாப்பாட்டுக் கரண்டிக்கும் முள்கரண்டிக்கும் சேர்த்து 84 கிராம் வெள்ளி பூசப்பட்டது என்ற கணக்கு அது. ரஷ்ய வெள்ளியில் 84 என்பது 875 தரம். இந்த இரண்டையும் குழப்பி விற்கிறவர்கள் உண்டு.

பழைய மினர்வா முத்திரையில் தரம் இரண்டு. எட்டு மூலைக் கட்டத்தில் நெற்றிக்கு எதிரே 1 என்று இருந்தால் 950, அதாவது ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி. தாடைக்குக் கீழே 2 இருந்தால் 800. நல்ல டெசர்ட் செட்டுகள் பெரும்பாலும் 950. மினர்வாவுக்குப் பதில் இறக்கைத் தொப்பி போட்ட மெர்க்குரி தலை இருந்தால் 1879-க்குப் பிறகு ஏற்றுமதிக்கென்று போன சரக்கு.

இனி அசலா போலியா என்பதற்கு ஒரு நல்ல இடம் சொல்கிறேன். மினர்வா எங்கே அடித்திருக்கிறதோ அதற்கு நேர் மறுபுறத்தில் லென்ஸை வையுங்கள். முத்திரை அடிக்கும்போது கீழே வைக்கிற எஃகுப் பட்டடை வெறும் தகடு கிடையாது. பிகோர்ன் என்ற அந்தப் பட்டடையின் முகத்தில் நுண்ணிய பூச்சி உருவங்கள் வரிவரியாகச் செதுக்கப்பட்டிருக்கும். மேலே ஓர் அடி விழும்போது அந்தப் பூச்சிகள் அடிப்பக்கம் பதிந்துவிடும். வெறும் கண்ணுக்குக் கீறல்போலத்தான் இருக்கும். லென்ஸில் கால், கொம்பு, உடல் மடிப்பு வரை தெரியும். போலி அச்சு செய்கிறவர் மினர்வாவைச் செய்துவிடுவார், இந்த மறுபக்கத்தைக் கோட்டைவிடுவார். ஆனால் நன்றாகப் பாலிஷ் போட்டதில் பூச்சித் தடம் மங்கிப் போயிருக்கலாம். அது இல்லை என்பதை மட்டும் வைத்துப் போலி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பன்னிரண்டு கரண்டியையும் வரிசையாக அடுக்கி முத்திரைகளை ஒப்பிடுங்கள். கையால் அடித்தது என்றால் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஒன்று ஆழமாக, ஒன்று விளிம்பு அரைகுறையாக இருக்கும். எல்லாவற்றிலும் முத்திரை ஒரே இடத்தில், ஒரே சாய்வில், ஒரே மூக்கு உடைந்து நின்றால் ஒரு கரண்டியை வைத்து அச்சு எடுத்து வார்த்தது. வார்ப்பில் எழுத்தின் ஓரம் கூர்மை இழந்திருக்கும், குழிக்குள் ஊசிமுனை அளவு துளைகள் தெரியும்.

குடும்ப எழுத்து, அதாவது சொந்தக்காரர் பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்கியது, முள்கரண்டியின் பின்புறத்தில் இருந்தால் சந்தேகப்பட வேண்டாம். பிரெஞ்சு மேசையில் முள் கீழே பார்க்க வைப்பது வழக்கம், அதனால் பின்புறம்தான் அலங்காரப் பக்கம். எழுத்தே இல்லாமல் இருந்தால்தான் கவனம் வேண்டும். தண்டின் அகன்ற நுனியில் வாயால் ஊதிப் பாருங்கள். அழித்த எழுத்தின் கோடு ஒரு நொடி ஆவியில் தெரியும். அந்த இடம் கட்டைவிரலுக்குச் சன்னமாகப் படும்.

கத்தி விஷயம் சரியாகவே இருக்கிறது. வெர்மெய் அலகு 12 பழத்துக்கு. எலுமிச்சை, ஆப்பிள் இவற்றின் புளிப்பு எஃகைக் கறுக்கவைக்கும், பழத்திலும் இரும்பு வாடை ஏறும் என்பதால் அந்த ஏற்பாடு. எஃகு அலகு 12 பாலாடைக்கட்டிக்கு. எஃகு அலகில் வெள்ளி முத்திரை இருக்காது. கைப்பிடியும் அலகும் சேரும் வளையத்தில் தேடுங்கள். அங்கே பாரிஸ் என்றால் பன்றித் தலை, வெளியூர் என்றால் நண்டு, கடுகளவுதான் இருக்கும். கைப்பிடி என்ன பொருள் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். சிப்பி என்றால் கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருக்கும், சாய்த்தால் பச்சை, இளஞ்சிவப்பு ஓடும். மங்கலான வெண்மையில், வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரிந்தால் யானைத் தந்தம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிற சரக்கு அது. என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

ரதவீதி:

முத்திரையைப் பத்திப் பொதிகை அண்ணாச்சி சொல்லிட்டாவ. நான் உலோகத்தையும் முலாமையும் சொல்லுதேன்.

உரைகல்லுல உரசவே விடாதீங்க. முலாம் மேல உரசினா கல்லுல முதல்ல விழுகிறது தங்கம், அது பொய்யான கணக்கு. வெள்ளி வர்ற மட்டுக்கும் உரசினா அந்த இடம் மொட்டை. உலோகத் தரம் பாக்குற எக்ஸ்ரே மிஷின்ல வைக்கலாம், சாமானுக்குச் சேதம் இல்ல. ஆனா முலாம் நல்லா இருக்க இடத்துல வச்சா தங்கமும் வெள்ளியும் கலந்து ஒரு அர்த்தமில்லாத சதவீதம் வரும். தேஞ்சு வெள்ளி தெரியுற இடத்தைக் காட்டி அங்கன வைக்கச் சொல்லுங்க. அந்த மூணு கரண்டியும் இதுக்கு ஒதவும்.

வீட்டு வழி ஒண்ணு இருக்கு. 0.1 கிராம் காட்டுற டிஜிட்டல் தராசு, 0.01 காட்டினா இன்னும் நல்லது. கரண்டியை எடை போட்டு எழுதிக்கிடுங்க. பொறவு தராசு மேல ஒரு அகலமான கண்ணாடிப் பாத்திரத்துல தண்ணி வச்சு, தராசைச் சைபருக்குக் கொண்டாங்க. கரண்டியை மெல்லிய நூல்ல கட்டி, முழுசும் முங்குற மாதிரி, அடியிலயும் ஓரத்துலயும் தொடாம தொங்க விடுங்க. இப்ப தராசு காட்டுறது கரண்டி ஒதுக்கின தண்ணியோட எடை. முதல் எடையை இதால வகுத்தா அடர்த்தி. 950 வெள்ளிக்கு 10.4 பக்கம் வரும். 800-க்கு 10.1, 10.2. பித்தளைக்கு எட்டரை. ஜெர்மன் சில்வர்ங்கிற நிக்கல் கலவைக்கு 8.7 பக்கம். கணக்கா சொன்னா 60 கிராம் கரண்டி வெள்ளின்னா 5.8 காட்டும், நிக்கல் கலவைன்னா 6.9 காட்டும். ஒரு கிராம் வித்தியாசம், தப்பவே முடியாது. தப்பு வர்ற இடம் ரெண்டு. ஒண்ணு, கரண்டிக் குழியில காத்துக்குமிழ் ஒட்டிக்கிட்டா அடர்த்தி கம்மியாக் காட்டும், முங்கினதும் நூலை லேசா ஆட்டி விடுங்க. இன்னொண்ணு, கத்திக்கு இந்த முறை ஆகாது. கைப்பிடி வேற பொருள், உள்ள அலகை ஒட்டின அரக்கும் இருக்கும், கணக்கே வேற.

முலாம் பழசா புதுசான்னு பாக்கதுக்கு வெளிச்சம்தான் முக்கியம். ட்யூப்லைட் வேண்டாம், காலை வெயில் படுற சன்னல் ஓரமா கொண்டு போங்க. 1840 வரைக்கும் பாதரச முலாம்தான். தங்கத்தைப் பாதரசத்துல கரைச்சுப் பூசி, நெருப்புல பாதரசத்தை ஆவியாக்கிருவாவ. அது கனமா உக்காரும், பூவேலைப் பள்ளத்துல தேங்கி நிக்கும், நிறமும் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். 1840-ல இங்கிலாந்துல எல்கிங்டன் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கினாவ. பிரான்சுல அந்த உரிமையை 1842-ல கிறிஸ்தோஃபிள் வாங்கிட்டாவ. பாதரசப் புகையில தொழிலாளிங்க செத்துக்கிட்டே இருந்ததும் மாறுனதுக்குப் பெரிய காரணம். மின்முலாம் நிறம் எல்லா இடத்துலயும் ஒரே சீரா இருக்கும், ஆனா மேட்டுல கொஞ்சம் தடிப்பு, ஆழமான பள்ளத்துல சன்னம். மினர்வா முத்திரைச் சாமான்ல ரெண்டுமே வரும், அதனால மின்முலாம்னு ஒதுக்க வேண்டியதில்ல. கையில கரண்டியைச் சாய்ச்சுப் பாருங்க: பழைய முலாம் தேய்மானம் பயன்பட்ட இடத்துலதான் இருக்கும். கரண்டிக் குழியோட அடிப்புறம் மேசையில உக்காருற புள்ளி, முள் நுனி, தண்டு நுனியோட பின்னம்புறம். அந்தப் புள்ளியைச் சுத்தி தங்கம் கொஞ்சம் கொஞ்சமா வெளிறிப் போயி வெள்ளியில கலக்கும், கோடு போட்ட மாதிரி நிக்காது. இப்ப லென்ஸை வச்சுக் கீறலைப் பாருங்க. கீறலுக்குள்ள வெள்ளி தெரிஞ்சா முலாமுக்குப் பொறவு விழுந்த கீறல், சரி. கீறலுக்குள்ளயும் தங்கம் பளபளன்னு இருந்தா, பழைய சாதா வெள்ளிக் கரண்டியை வாங்கிப் போன வருசம் முலாம் போட்டு வெர்மெய்னு விக்காவன்னு அர்த்தம். மேசையில உக்காருற புள்ளியில முலாம் முழுசா இருந்து, தண்டு மட்டும் அடிபட்டுக் கிடந்தாலும் அதே கதைதான்.

இனி நீங்க கேட்ட மறுமுலாம். போடாதீங்க. இத நான் அழுத்தியே சொல்லுதேன். முலாம் போடணும்னா முதல்ல பழசைத் தேச்சு எடுத்து பாலிஷ் போடுவாவ. அந்தப் பாலிஷ்ல முத்திரை மழுங்கும், பிகோர்ன் பூச்சி போயிரும், எழுத்துக் கோடு சன்னமாயிரும். இங்க நகைக்கடைக்குப் போடுற முலாம் கண்ணாடி மாதிரி அடிச்ச மஞ்சள், ரொம்ப மெல்லிசு. மூணு கரண்டி மட்டும் தனியா மினுங்கும், மத்த ஒம்பதும் அழுக்கா தெரியும். அப்ப எல்லாத்துக்கும் போடச் சொல்லும். செட்டோட மதிப்பே அந்தப் பழைய தோல்லதான் இருக்கு. தேஞ்சது தேஞ்சதாவே இருக்கட்டும்.

தங்கத்துக்காக விலை கூடச் சொன்னாவன்னா இந்தக் கணக்கைச் சொல்லுங்க. இன்னைக்கு பிரான்சுல வெர்மெய்னு விக்கணும்னா முலாம் குறைஞ்சது 5 மைக்ரான் இருக்கணும். டெசர்ட் கரண்டிக்கு மேற்பரப்பு சுமார் 60 சதுர செ.மீ.ன்னு வச்சா, 5 மைக்ரானுக்குச் சுத்தத் தங்கமாவே இருந்தாலும் 0.58 கிராம்தான். உருக்குற கடையில அந்தத் தங்கத்துக்குத் தனியா ஒரு பைசா தரமாட்டாவ.

சிந்துபூந்துறை:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. போய்ப் பாத்துட்டு வந்தேன். தராசும் லென்ஸும் கொண்டு போனேன், வியாபாரி ஒண்ணும் சொல்லல. கரண்டி ஒண்ணு 52.4 கிராம், தண்ணியில 5.1. கைப்பிடி சிப்பிதான், நிறம் ஓடுது. கரண்டி எல்லாத்துலயும் நெற்றிக்கு எதிரே 1 இருக்கு, மறுபக்கம் பூச்சி ஏழெட்டுல நல்லா தெரியுது. முள்கரண்டியில மட்டும் ஒரு சிக்கல். பத்துல மினர்வா இருக்கு. ரெண்டுல அன்னம் மாதிரி ஒரு பறவை, நீளவட்டக் கட்டம். அந்த ரெண்டும் 46 கிராம், மத்த பத்தும் 51, 52. வியாபாரி "அன்னமும் பிரெஞ்சு முத்திரைதான், அதுதான் ரொம்பப் பழசு"ங்காவ. விலை எப்படிப் பேச? பொறவு சுத்தம் செய்யுறதும் வைக்கிறதும் சொல்லுங்க.

பொதிகைச்சாரல்:

52.4-க்கு 5.1 என்றால் அடர்த்தி 10.27. 0.1 தராசின் பிழையில் 950-உம் 800-உம் பிரியாது, ஆனால் நிக்கல் கலவை என்றால் 6.0 காட்டியிருக்கும். வெள்ளிதான். தரத்தை முத்திரை சொல்லிவிட்டது.

அன்னம் பிரெஞ்சு அரசு முத்திரைதான். பழமைக்கு அது சான்றே இல்லை. 1893-இல் வந்தது. எங்கே செய்தது என்று தெரியாத பழைய சாமான் ஏலத்துக்கு வரும்போதும், சில வெளிநாட்டுச் சரக்குகளுக்கும் அடிக்கிறார்கள். குறைந்தது 800 தரம் என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. பிரான்சில் செய்தது என்றுகூடச் சொல்லாது. எடையும் ஐந்தாறு கிராம் குறைவதால் அந்த இரண்டும் தொலைந்த முள்கரண்டிக்குப் பதிலாகப் பிறகு சேர்த்தவை. பெட்டியின் வெல்வெட்டுக் குழியில் வைத்துப் பாருங்கள், தோள்பட்டையில் இடைவெளி தெரியும். முள்ளின் நீளம், தண்டு ஓரத்து நூல்வரி எத்தனை என்று பத்தோடு ஒப்பிட்டாலும் பிடிபடும்.

விலைக்கு அடித்தளம் வெள்ளி எடை. கரண்டி, முள்கரண்டி 24-க்கும் மொத்த எடையை 0.95-ஆல் பெருக்கி அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். அன்னம் இரண்டுக்கு மட்டும் 0.80. கத்திகளை எடைக்குள் சேர்க்கவே கூடாது, கைப்பிடி சிப்பி, பாதி அலகு எஃகு. அந்த அடித்தளத்துக்கு மேல் கொடுப்பதெல்லாம் செய்தவர் பெயருக்கும், முலாமின் நிலைக்கும், தொகுதி முழுமைக்கும். இங்கே தொகுதி முழுமை இல்லை: 12 கரண்டி, 10 முள்கரண்டி, கூட இரண்டு என்றுதான் பேச வேண்டும். முழுத் தொகுதிக்குச் சொல்லும் விலை பொருந்தாது. சாய்சதுரத்து எழுத்தை வைத்து, பாரிஸில் த்ரூவோ ஏல மாளிகையில் அதே பட்டறைச் சாமான் போன விலைகளைப் பாருங்கள். அங்கே ஏலத்தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் தனி என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கவர்னர் மாளிகைக்கு ஒரு தாள், ஒரு பழைய பட்டியல், எழுத்துக்கு ஒத்த பெயர், ஏதாவது காட்டினால் பேசலாம். 1954-இல் புதுச்சேரி கைமாறியபோது வீட்டுச் சாமான் நிறையக் கைமாறியது உண்மை. ஆனால் அது இந்தப் பெட்டிக்குச் சான்று ஆகாது. முத்திரை விவரம், எடை, எண்ணிக்கை எழுதிய ரசீது கேளுங்கள். நூறு ஆண்டு கடந்த பொருளை 1972 தொல்பொருள் சட்டப்படித் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, அதை வியாபாரம் செய்யவும் உரிமம் வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில் வாங்காதீர்கள்.

கொற்கைக்காத்து:

வீட்டுக்கு வந்ததும் முதல்ல வீட்டுல எல்லார்ட்டயும் சொல்லிருங்க: திருநீறு, புளி, பீதாம்பரி, பற்பசை எதுவும் கிட்ட வரக்கூடாது. குத்துவிளக்குக்கும் வெள்ளிக் குங்குமச்சிமிழுக்கும் அது சரி. திருநீறு வெள்ளியைத் துலக்குறதே நுண்ணிசாத் தேச்சு எடுக்கதாலதான். முலாம் மைக்ரான் கணக்குல இருக்கு, நாலு பொங்கலுக்குத் துலக்கினா தங்கம் திருநீத்தோட போயிரும். வெள்ளி முக்குற திராவகம் விக்காவளே, அதுவும் வேண்டாம். முலாமில் இருக்க நுண்துளை வழியா உள்ள இறங்கி வெள்ளியைத் தின்னும், பொறவு அந்த இடம் வேகமா கறுக்கும்.

முலாமில் கறுப்போ செம்பழுப்போ தெரிஞ்சா அது தங்கம் கறுக்கது இல்ல, துளை வழியா அடியில இருக்க வெள்ளியிலயிருந்து மேல வர்றது. பெரும்பாலும் வெதுவெதுப்பான தண்ணியும் காரமில்லாத சோப்பும் போதும். ரெண்டு பிளாஸ்டிக் பேசன், அடியில துண்டு விரிச்சு வைங்க, ஒண்ணோட ஒண்ணு மோதப்படாது. லிட்டருக்கு ரெண்டு மூணு சொட்டுச் சோப்பு. பழைய வேட்டித் துணியால நீளவாக்குல மட்டும் துடைங்க. கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணி. கடலோரப் பக்கத்துப் போர் தண்ணியில உப்பு உண்டு, வெள்ளிக்கு உப்பு ஆகவே ஆகாது, காயும்போது சுண்ணாம்புப் பொட்டும் விழும். காயப் போடக்கூடாது, அலசின கையோட துடைச்சிரணும். கத்தியை மட்டும் தண்ணியில போடாதீங்க. சூட்டுக்கு உள்ள அலகை ஒட்டின அரக்கு இளகி அலகு ஆடும், பொறவு கழண்டுவரும். ஈரத்துணியால அலகை மட்டும் துடைச்சு உடனே உலத்திருங்க. எஃகு அலகுக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில் தடவி வைக்கலாம்.

பச்சை வெல்வெட்டுப் பெட்டியை அழகுக்கு வச்சுக்கிடுங்க, சாமானை உள்ள வைக்காதீங்க. பழைய வெல்வெட்டுச் சாயமும் பசையும் மரமும் மெல்ல ஆவி விடும், அந்த ஆவியில வெள்ளி கறுக்கும். சாயம் போடாத மல்லுத் துணியை ரெண்டு தரம் சோப்பில்லாம அலசிக் காயவச்சு, ஒவ்வொண்ணாச் சுத்தி, மூடி இறுகுற பாலிஎதிலீன் டப்பாவுல வைங்க. ரப்பர் பேண்ட் போடவே கூடாது. ரப்பர்ல கந்தகம் இருக்கு, துணிக்கு மேலயே போட்டாலும் மூணு மாசத்துல கறுப்புக் கோடு விழுந்திரும். செய்தித்தாள், கம்பளி, அட்டைப்பெட்டி எல்லாத்துக்கும் அதே கதி. டப்பாவுக்குள்ள நிறம் மாறுற சிலிக்கா ஜெல் பை ரெண்டு போடுங்க. குத்தாலச் சாரல் காலத்துலயும் ஐப்பசி, கார்த்திகை மழையிலயும் மாசத்துக்கு ஒருக்க திறந்து பாருங்க, நிறம் மாறியிருந்தா சட்டியில லேசா வறுத்து ஆறவச்சுப் போடலாம். பூஜை அறை அலமாரியில வைக்காதீங்க, சாம்பிராணிப் புகை ஒட்டும். பெட்டியை வேப்பிலையோட வேற அறையில வச்சு, செல் அரிக்கான்னு வருசம் ஒருக்க பாக்கணும்.

பூந்திக்கொட்டைத் தண்ணி நல்லதுன்னு நகை ஆசாரிமார் சொல்லுவாவ. முலாமுக்கு நான் சரிங்கமாட்டேன்.

ரதவீதி:

பூந்திக்கொட்டையில கொற்கை அண்ணாச்சியோட எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. கெட்டியா ஊறவச்ச தண்ணி புளிப்பு, அது வேண்டாம். ஒரு கொட்டையை ரெண்டு லிட்டர்ல ஊறவச்சு, துணியில வடிகட்டி, அரை நிமிசம் முக்கி எடுத்து ஆர்.ஓ. தண்ணியில நல்லா அலசினா முலாமுக்குச் சேதம் வராது. எண்ணெய்ப் பிசுக்கு இருக்க பூவேலைப் பள்ளத்துக்குச் சோப்பை விட இதுதான் இறங்கும். ஆனா வெள்ளி தெரியுற அந்த மூணு கரண்டிக்கு வேண்டாம், அதுக்குச் சோப்புத் தண்ணியே.

சாப்பிட எடுக்கணும்னா எடுங்க, அதுக்குத்தான் செஞ்சது. அல்வா, பாயசம், பழம் எல்லாம் சரி. முட்டைக்குக்கூட முலாம் நல்லது, வெள்ளி மாதிரிக் கறுக்காது. ஊறுகாய், உப்பு போட்ட மாங்காய், மோர் இதுகளுக்கு வேண்டாம். முலாம் போன இடத்துல உப்பும் புளிப்பும் பட்டா குழி விழும். எவர்சில்வர் பாத்திரத்தோட ஈரத்துல ஒண்ணாப் போட்டு வைக்காதீங்க. விலை பேசும்போது அன்னம் போட்ட ரெண்டையும் தனியா எடுத்து ஓரமா வச்சுட்டே பேசுங்க.